ஐம்பத்திரண்டு சீட்டு கல்யாண வண்டி

நெட்டூரணிக்காரர்களுக்கு மூளை கிடையாது என்று சுற்றுவட்டாரத்தில் பேசிக்கொள்கிறார்கள். அது அபாண்டம். மூளை இருக்கிறது. யாராவது ஒன்றைச் சொன்னால், அதைச் சொன்னபடியே செய்து முடிப்பதற்குள் அது களைத்துப்போய்விடுகிறது, அவ்வளவுதான். இதை நான் வெளியாளாக நின்று சொல்லவில்லை. நானும் அந்த ஊர்தான். போதாக்குறைக்கு, இந்தக் கதையில் மாப்பிள்ளையும் நான்தான்.

எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. பதினோரு இடத்தில் பெண் பார்த்து, பதினோரு இடத்திலும் காப்பியோடு அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டாவதாகத் தோப்புவிளாகத்தில் செல்லக்கனி சரி என்றாள். நிச்சயதார்த்தத்துக்கு நாங்கள் லோடு வண்டியில் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். செல்லக்கனியின் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாப்ள, முகூர்த்தம் ஒம்போதுல இருந்து பத்தரை. பத்தரை தாண்டிச்சுன்னா இந்தக் கல்யாணம் கிடையாது. எம் மவளுக்கு வேற எடம் இல்லாம இல்ல."

எனக்கு வேறு இடம் இல்லை. அதனால் ஊரைக் கூட்டி, இந்த முறை ஒழுங்கான வண்டி ஒன்றைப் பிடிப்பது என்று முடிவு செய்தோம்.

டவுனில் டிராவல்ஸ் வைத்திருக்கும் பிரான்சிஸ் அண்ணாச்சி நல்ல மனிதர். நிதானமாக விளக்கினார்.

"ஏசி வண்டி. அம்பத்திரண்டு சீட்டு. கண்ணாடி தொறக்காது. உள்ள துப்பக் கூடாது. ஒரு சீட்டுக்கு ஒரு ஆளுதான். முக்கியமா, போறப்போ எத்தனை தலையோ வர்றப்பவும் அத்தனை தலை. கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. போன வாரம் ஒரு பார்ட்டி அவங்க பெரியம்மாவை மண்டபத்துலயே விட்டுட்டு வந்துட்டாங்க."

அப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களே என்று நாங்கள் வருத்தப்பட்டோம்.

ஊரில் யாரும் அதுவரை ஏசி வண்டியில் ஏறியதில்லை. கல்யாணத்தன்று தடுமாறக் கூடாது என்று முந்தின நாள் நெல்லடிக்கிற களத்தில் சுண்ணாம்பால் ஐம்பத்திரண்டு கட்டம் போட்டு ஒத்திகை பார்த்தோம். பயணம் இரண்டு மணி நேரம் என்பதால் ஒத்திகையும் இரண்டு மணி நேரம். வெயில் மண்டையைப் பிளந்தது. கண்ணாடி திறக்காது என்பதால் யாரும் விசிறிக்கொள்ளவில்லை. முப்பதாம் கட்டத்தில் இருந்த இசக்கியம்மா மைனிக்கு வாந்தி வந்துவிட்டது. வளைவில் கொஞ்சம் மெதுவாகப் போயிருக்கலாம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

கல்யாணத்தன்று காலை ஆறு மணிக்கு வண்டி வந்தது. டிரைவர் பெயர் டேனியல். எங்கள் தெருவில் வண்டி திரும்பாது, பின்னாலேயே போய்த்தான் மெயின் ரோட்டைப் பிடிக்க வேண்டும் என்றார். சுடலைமுத்து சித்தப்பாவைக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, நீங்க பின்னால நின்னு வரலாம், வரலாம்னு சொல்லிட்டே இருங்க" என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார்.

சித்தப்பா சொன்னார். வண்டி தெருவைத் தாண்டியது. வரலாம் என்றார். மெயின் ரோடு வந்தது. வரலாம் என்றார். மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊரணி இருக்கிறது. வண்டியின் பின்சக்கரம் இரண்டும் சேற்றில் இறங்கி நின்றபோது, சித்தப்பா பட்டுவேட்டியோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, குரல் மட்டும் குறையாமல், "வரலாம், வரலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

டேனியல் இறங்கி வந்து பார்த்தார். "அண்ணாச்சி, நில்லுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"அதை நீங்க சொல்லச் சொல்லலியே தம்பி."

வண்டியைத் தள்ளி மேலே ஏற்ற ஒன்றரை மணி நேரம் ஆனது. டேனியல் அதற்குப் பிறகு எங்களிடம் எதையுமே சொல்வதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டார். சொன்னால் செய்துவிடுவோம் என்ற பயம்.

ஆனால் கேட்காமல் இருக்க முடியாதே. எட்டரை மணிக்கு ஒரு முக்கு ரோடு வந்தது. "இடதா, வலதா?" என்றார்.

நிச்சயத்துக்குப் போனபோது லோடு வண்டியில் நாங்கள் எல்லோரும் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தோம். அதனால் தோப்புவிளாகத்திலிருந்து வருகிற வழிதான் எங்களுக்குத் தெரியும், போகிற வழி தெரியாது. முன்னால் உட்கார்ந்திருந்தவர் ஆவுடையப்ப மாமா மட்டும்தான். எல்லோரும் மாமாவைப் பார்த்தோம்.

மாமா ஊர் எல்லையிலேயே வெற்றிலை போட்டிருந்தார். கண்ணாடி திறக்காது. உள்ளே துப்பக் கூடாது. ஒரு மணி நேரமாக வாயில் அத்தனையையும் அடக்கிக்கொண்டு, கன்னம் இரண்டும் உப்ப, கண்ணில் நீரோடு உட்கார்ந்திருந்தார். "ம்ம், ம்ம்" என்று இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

"மோதிரத்தைக் காட்டுதாரு" என்றாள் இசக்கியம்மா மைனி.

"அந்தக் கையில வாட்ச்சுலா கட்டியிருக்காரு. நேரமாச்சுங்காரு" என்றார் சுடலைமுத்து சித்தப்பா.

"கதவைத் தொறந்து அவரை எறக்கி விடுவோம். துப்பிட்டு வந்து சொல்லட்டும்" என்றேன் நான். எனக்கு மாமனார் முகமும் பத்தரை மணியும் மாறி மாறித் தெரிந்தன.

சித்தப்பா என்னை வருத்தத்தோடு பார்த்தார். "அவரு கீழ எறங்குத நேரத்துக்கு உள்ள அம்பத்தொண்ணுலா ஆயிரும்?"

அது எனக்குத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. நேரமாச்சு என்று மாமாவே சொல்வதால் வேகமாகப் போவது என்று தீர்மானித்து, ரோடு நன்றாக இருந்த வலது பக்கம் விட்டோம்.

முப்பத்தைந்து நிமிஷம் கழித்து ரோடு ஒரு கல்குவாரியில் போய் முடிந்தது. மாமா கண்ணை இறுக மூடி, புகையிலையோடு சேர்த்து அத்தனையையும் ஒரே மூச்சில் விழுங்கினார். பிறகு, "எடது" என்றார். அதற்குப் பிறகு அவருக்கு விக்கல்தான் வந்தது, பேச்சு வரவில்லை.

மண்டபத்து வாசலில் நாங்கள் இறங்கியபோது மணி பத்து இருபத்தொன்று. மாமனார் கையில் கடிகாரத்தோடு நின்றார். நான் ஓடினேன். மேளத்துக்கு நடுவே மாமாவின் விக்கல் கேட்டுக்கொண்டிருந்தது. தாலியைக் கையில் எடுத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினோரு வீட்டுக் காப்பியும் அந்த நிமிஷம் மறந்துபோனது. "மெதுவா கட்டுங்க, இன்னும் நாலு நிமிசம் இருக்கு" என்றாள் செல்லக்கனி.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். வேறு ஊராக இருந்தால் முடிந்திருக்கும்.

சாயங்காலம் நான்கு மணிக்குப் பெண்ணை அழைத்துக்கொண்டு கிளம்பினோம். சித்தப்பா வாசற்படியில் நின்று தலை தலையாக எண்ணி ஏற்றினார். கடைசித் தலையில் அவர் முகம் வெளிறியது.

"அம்பத்துமூணு."

இரண்டாம் முறை எண்ணினோம். ஐம்பத்துமூன்றுதான். பெண் வீட்டார் அழுதுகொண்டிருந்ததால் எங்கள் கஷ்டம் அவர்களுக்குத் தெரியவில்லை.

"பொண்ணை விட்டுட்டுப் போவமா?"

"பொண்ணைக் கூட்டிட்டுப் போகத்தான வண்டியே பிடிச்சோம்?"

"ஆவுடையப்பனை விடுவோம். விக்கல் நின்னதும் வரட்டும்."

"வழி தெரிஞ்ச ஆளு அவரு ஒருத்தர்தான். சுடலைமுத்துவ விடுவோம்."

"தெருவுல வண்டிய எடுக்கணும்னா யாரு வரலாம் சொல்லுவா?"

இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருந்தது. கடைசியில் சித்தப்பா கொஞ்சம் தயங்கிக் கேட்டார். "வந்த வேலை முழுசா முடிஞ்ச ஆளுன்னு பாத்தா யாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் யோசித்தேன். தாலி கட்ட வந்தேன், கட்டிவிட்டேன். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அவர்கள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. முதலாம் நம்பர் சீட்டைச் செல்லக்கனிக்குக் காட்டிவிட்டு இறங்கினேன். கண்ணாடிக்குள்ளிருந்து அவள் என்னவோ கத்தினாள். கண்ணாடி திறக்காது என்பதால் கேட்கவில்லை. டேனியல் திரும்பிப் பார்த்தார், வாயைத் திறந்தார், பிறகு ஊரணியை நினைத்துக்கொண்டு மூடிக்கொண்டார்.

வண்டி கிளம்பியது. மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையசைத்தார். பக்கத்தில் நின்று நானும் கையசைத்தேன். வண்டி மறைந்த பிறகுதான் அவர் என்னைப் பார்த்தார்.

"மாப்ள, நீங்க போகலியா?"

"தலை சரியாப் போச்சு மாமா" என்றேன்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். பிறகு தன் மொபெட்டை எடுத்து, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பறந்தார். முக்கு ரோட்டில் செல்லக்கனி தன்னந்தனியாக, மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டிருந்தாள்.

"புருசன் இல்லாம எனக்கு உங்க ஊர்ல என்ன வேலைன்னு கேட்டு எறங்கிட்டேன்" என்றாள். "ஒடனே அம்பத்தொண்ணு ஆயிட்டுன்னு ஒப்பாரி வச்சாங்க. இங்க ஒருத்தர் கையில சேவலோட பஸ்ஸுக்கு நின்னாரு. அவரை ஏத்திட்டுப் போயிட்டாங்க. நான் மேக்கால போகணும்னு அவரு கத்தினாரு. அதெல்லாம் பரவால்ல அண்ணாச்சி, சீட்டு இருக்குன்னுட்டாங்க."

மூன்று பேரும் மொபெட்டில் நெட்டூரணி போய்ச் சேர்ந்தபோது, முதலாம் நம்பர் சீட்டிலிருந்து இறங்கியவருக்கு ஆரத்தி சுற்றிக்கொண்டிருந்தார்கள். சேவலுக்கும் ஒரு பொட்டு வைத்திருந்தார்கள். செல்லக்கனி தெருவிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

அவர் பெயர் மாசானம். நல்ல மனிதர். இன்னும் எங்கள் ஊரில்தான் இருக்கிறார். அவரை அப்படியே வைத்துக்கொள்ள நாங்கள் நினைக்கவில்லை. மறு வாரமே பிரான்சிஸ் அண்ணாச்சியிடம் அதே வண்டியைப் பிடித்து, ஐம்பத்தோரு பேர் துணைக்குப் போய், முக்கு ரோட்டில் அவரை மரியாதையாக இறக்கிவிட்டோம். திரும்பும்போது எண்ணிப் பார்த்தால் ஒரு தலை குறைந்தது. நல்லவேளை, அவர் அதிக தூரம் போயிருக்கவில்லை. ஓடிப்போய்ப் பிடித்துக் கூட்டி வந்துவிட்டோம்.

இதுவரை மூன்று முறை கொண்டுபோய் விட்டாயிற்று.