சலேத்மேரி ஏற்றிக் கேட்ட எண்

மீன்பிடித் துறைமுகத்தில் காலை ஏலம் விட்டுக்கொண்டிருந்த சலேத்மேரி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வலி முதுகுவரை கிழித்துக்கொண்டு போனது. வயது அறுபத்தெட்டு. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருந்தது.

இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்திருப்பது நகரத்துப் பெரிய மருத்துவமனையில் எடுத்த ஸ்கேனில் தெரிந்தது.

அந்த மருத்துவமனையில் இதய அறுவை சிகிச்சைக்குத் தலைவர் டாக்டர் குழலி. அவரிடம் பயிற்சிக்கு வந்திருந்த தேவசகாயம் அவரைவிட ஆறு வயது மூத்தவர். பதினைந்து வருடம் தாலுகா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு மறுபடி மாணவராகியிருந்தார்.

தேவசகாயம் ஒரு தாளில் எழுதினார். வயது. சிறுநீரகம் சரியில்லை. அழுத்தம் இறங்குகிறது. வந்து சேரவே ஐந்து மணி நேரம்.

“மேடம், எல்லா ஆபத்தும் இருக்கு. ஆபரேஷன் பண்ணினாலும் பிழைக்க நூத்துக்கு நாப்பதுதான்.”

ஸ்ட்ரெச்சரிலிருந்து குரல் வந்தது. “நாப்பதுதானா? கொஞ்சம் ஏத்திச் சொல்லுங்க டாக்டரே.”

அழுதுகொண்டிருந்த மகள் ஸ்டெல்லா சிரித்துவிட்டாள்.

“பண்ணலன்னா எவ்வளவு?” என்று குழலி கேட்டார்.

தேவசகாயம் தாளில் பூஜ்யம் என்று எழுதினார்.

“ஸ்டெல்லா, கையெழுத்துப் போடுங்க. சார், தாளை வெச்சிட்டு ஸ்ட்ரெச்சரைத் தள்ளுங்க. நீங்க எழுதின நேரத்துல ஆபத்து இன்னொண்ணு கூடிடுச்சு.”

தேவசகாயம் தள்ளிக்கொண்டு ஓடினார்.

ஏழு மணி நேரம் ஆனது. கிழிந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, செயற்கைக் குழாய் வைத்துத் தைத்தார்கள். மூன்றாம் நாள் சுவாசக் கருவியை எடுத்ததும் சலேத்மேரி கரகரத்தாள். “என் குரல் எங்க?”

“வந்துரும். ஆனா இனி ஏலத்துல கத்தக் கூடாது” என்றார் தேவசகாயம்.

“அப்ப மைக் வெச்சிக்கிடுதேன்.”

வைத்துக்கொண்டாள். ஒரு வருடம் கழித்து, மாத்திரை டப்பாவோடு பரிசோதனைக்கு வந்தாள். அழுத்தம் சரியாக இருந்தது. ஸ்கேனும் நன்றாக இருந்தது. வார்டு முழுக்க நலம் விசாரித்துவிட்டுப் போனாள்.

அவள் போனதும் தேவசகாயம் கேட்டார். “மேடம், இந்த ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்குப் போறவங்கள்ல யார் ரொம்ப நாள் இருப்பாங்க? முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி இருக்கா?”

குழலி அன்றைய பதிவேட்டைத் திறந்தார். இந்த ஆபரேஷன் முடிந்து பரிசோதனைக்கு வரவேண்டியவர்கள் ஏழு பேர். வந்தவர்கள் நான்கு பேர். தொலைபேசியைத் தேவசகாயம் பக்கம் நகர்த்தினார்.

“வராத மூணு பேரை முதல்ல வரவைங்க. அப்புறம் யார் ரொம்ப நாள் இருப்பாங்கன்னு எண்ணுவோம்.”