சேகண்டி அடிக்காத காலை

முன்னொரு காலத்தில் வடமலை நாட்டை உறங்காப்புலி என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் புத்தி காற்றாடி மாதிரி. காலையில் காகம் கரையக் கூடாது என்று ஆணை போடுவார். மாலையில் அதே காகத்துக்கு நெய்ச்சோறு வைக்கச் சொல்வார்.

அவர் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. நாழிகைக்கு ஒரு தடவை காவலன் சேகண்டியை அடிப்பான். உடனே ராஜா முதல் புலவர் வரை எல்லாரும் எழ வேண்டும். கையை உயர்த்தி, "வாழ்க வேந்தர்!" என்று மூன்று முறை கூவிவிட்டு உட்கார வேண்டும்.

குதிரை லாயத்துக்குப் பக்கத்தில் அங்கம்மை என்ற பெண் பள்ளி நடத்தினாள். குதிரைக்காரர் மகள், அவள் குடும்பத்தில் எழுத்துப் படித்த முதல் ஆள் அவள்தான். குதிரைக்காரர், பாகர், தண்ணீர் சுமப்பவர் வீட்டுப் பிள்ளைகள் இருபது பேர் அவளிடம் படித்தார்கள். சேகண்டிச் சத்தம் கேட்டால் அவர்களும் எழுவார்கள். புங்கமரம் வரை ஓடி, அதைத் தொட்டு, தவளை மாதிரி குதித்துத் திரும்பி வந்து மணலில் விரலை வைப்பார்கள். அடுத்த சேகண்டி வரை ஒரு தலையும் நிமிராது.

அந்த வருஷத் திருவிழாக் கணக்குப் போட்டியில், அரண்மனைப் பண்டிதர் கோணேசரின் மாணவர்களை இந்தப் பிள்ளைகள் தோற்கடித்துவிட்டார்கள். வந்தது வினை.

"மகாராஜா! அது பள்ளியா, குரங்குத் தோப்பா?" என்று சபையில் குதித்தார் கோணேசர். "உட்காரத் தெரியாதவனுக்குக் கல்வி எதற்கு? குதிரைக்காரன் பிள்ளைக்குக் கால் உண்டு, தலை கிடையாது! அத்தனை பேரையும் சாணம் அள்ள அனுப்புங்கள். அவளை நாடு கடத்துங்கள்!"

அங்கம்மையை அழைத்துவந்தார்கள். அவள் ராஜாவை வணங்கி நின்றாள்.

"பெண்ணே, இனி பிள்ளைகளைக் கட்டிப்போட்டாவது உட்கார வைக்கிறேன் என்று சொல். மன்னித்துவிடுகிறேன்" என்றார் ராஜா.

"சொல்ல மாட்டேன், மகாராஜா."

சபை வாயைப் பிளந்தது.

"கட்டுத்தறியில் நின்ற குதிரையை நாலு சுற்று நடக்கவிட்ட பிறகுதான் எங்கப்பா சேணம் போடுவார். உங்கள் குதிரைக்குக் கிடைப்பது என் பிள்ளைகளுக்குக் கிடைக்கக் கூடாதா?"

"வாயைப் பாருங்கள், வாயை!" என்றார் கோணேசர். "இவள் செய்த குற்றம் நூற்றெட்டு. ஓலையோடு வந்திருக்கிறேன்!"

"முழுக்கப் படியுங்கள் ஐயா, கேட்டுக்கொள்கிறேன்" என்றாள் அங்கம்மை. "ஆனால் மகாராஜா, என் பிள்ளைகளுக்கு இவர் கேட்கும் சட்டம் இன்று ஒரு காலை சபைக்கும் இருக்கட்டும். படிக்கிறவர் வழக்கம்போல நின்று படிக்கட்டும். மற்ற யாரும் எழக் கூடாது, அசையக் கூடாது. சேகண்டியும் வேண்டாம்."

ராஜாவுக்குப் புதிதாக எது வந்தாலும் பிடிக்கும். "சின்னப் பிள்ளைகள் அசையாமல் இருக்க வேண்டுமாம், என் சபை இருக்காதா? நிறுத்து சேகண்டியை!"

கோணேசர் ஆரம்பித்தார். ஒவ்வொரு குற்றத்துக்கும் ஒரு விளக்கம், ஒவ்வொரு விளக்கத்துக்கும் ஒரு சுலோகம். முதல் நாழிகை நன்றாகத்தான் போனது. இரண்டாவதில் தளபதிக்குக் கால் மரத்தது. மந்திரி சால்வை நூலை ஒவ்வொன்றாக உருவ ஆரம்பித்தார். ராஜா தன் மோதிரங்களை எண்ணினார். ஒன்று குறைகிறதோ என்று திரும்பவும் எண்ணினார். மூன்றாவது நாழிகையில் கிரீடம் மூக்கு வரை இறங்கியது. உறங்காப்புலி குறட்டை விட்டார்.

"ஆகையால் இவளை நாடு கடத்துவதே நீதி!" என்று முழங்கி முடித்தார் கோணேசர்.

ராஜா திடுக்கிட்டு விழித்தார். "வாழ்க வேந்தர்!" என்று தனக்குத் தானே கூவினார்.

அங்கம்மை கேட்டாள்: "தீர்ப்புக்கு முன்னால் ஒரு சந்தேகம், மகாராஜா. என் ஐம்பதாவது குற்றம் எது?"

ராஜா மந்திரியைப் பார்த்தார். மந்திரி தளபதியைப் பார்த்தார். தளபதி, "குதிரை... ஏதோ குதிரை வந்ததே?" என்றார்.

"தவளை!" என்று கத்தினார் கோணேசர். "பிள்ளைகளைத் தவளை போலக் குதிக்கவிட்டாள் என்பது ஐம்பதாவது! இத்தனை பெரியவர்களில் ஒருவர் மனத்திலுமா நிற்கவில்லை? எனக்கு மட்டும் ஓர் எழுத்துக்கூடத் தவறவில்லையே!"

"அதெப்படி ஐயா, உங்களுக்கு மட்டும்?"

"நான் இவர்களைப் போல மரக்கட்டையாக உட்கார்ந்தா கிடந்தேன்? நின்றேன், அப்படியும் இப்படியும் நடந்தேன், கையை வீசி..."

நிறுத்திக்கொண்டார். ஆனால் வீசிய கை இன்னும் மேலேயே நின்றது.

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். பிறகு சபையே சிரித்தது. ராஜாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"பண்டிதரே, வழக்கு முடிந்தது. உம் வாயாலேயே முடிந்தது. பள்ளி நடக்கும், பிள்ளைகள் ஓடுவார்கள். அங்கம்மை, உனக்கு முத்துமாலை தருகிறேன்."

"மாலை வேண்டாம், மகாராஜா. 'குதிரைக்காரன் பிள்ளைக்குக் கால் உண்டு, தலை கிடையாது' என்றாரே, அது அந்த ஓலையிலும் இருக்கிறது. எழுதிய கையே அதைக் கிழிக்கட்டும். என் பிள்ளைகள் பார்க்கும்படி."

ராஜாவின் சிரிப்பு நின்றது. "அப்படியே ஆகட்டும்" என்றார். "அது மட்டுமில்லை. பண்டிதரே, ஒரு மாதம் அந்தப் பள்ளியில் மணலில் உட்கார்ந்து பாடம் கேட்டுவிட்டு வாரும்."

இருபது பிள்ளைகளுக்கு முன்னால் கோணேசர் ஓலையைக் கிழித்தார். பிறகு மணலில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். முதல் நாள், முதல் சேகண்டி. புங்கமரத்தை முதலில் தொட்டது யார் தெரியுமா? கோணேசப் பண்டிதர்தான். திரும்பும்போது தவளை மாதிரி குதித்தாரா என்று கேட்காதீர்கள், பிள்ளைகள் குதிக்காமல் விட்டால்தானே!