கல் வைத்து நிறுத்திய வண்டி

“சாமி, புது மாடல் எப்பங்க வரும்?”

செங்கோட்டுவேல் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டார்.

மண்சாமி தலை நிமிராமல் களிமண் பிசைந்துகொண்டிருந்தார்.

கொல்லிமலை உச்சியில் ஓடு போட்ட ஒரு கொட்டகை. அதுதான் மடம். மண்சாமிக்கு வயது முப்பத்தெட்டு. பெண். காவி கட்டவில்லை. சாதாரணப் பருத்திப் புடவை, முழங்கை வரை மண்.

முன்பு சென்னைக்குப் பக்கத்தில் ஒரு கார் கம்பெனியில் இருந்தவர். புதுக் கார் இரும்பில் வருவதற்கு முன்னால் அதே அளவில் களிமண்ணில் செய்து பார்ப்பார்கள். அந்த மண்ணைச் செதுக்குகிற வேலை. ஒருநாள் சுரண்டியைக் கீழே வைத்துவிட்டு மலை ஏறிவிட்டார். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் கையில் ஒரு மண் உருண்டை கிடைத்தது. வேறு எதுவும் கிடைக்கவில்லை.

செங்கோட்டுவேலுக்கு ஐம்பத்தாறு. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் லாரி மூன்று வைத்திருக்கிறார். அமாவாசை தவறாமல் வந்து சாமி முன்னால் உட்காருவார். ஊரில் தன்னைச் சீடன் என்று சொல்லிக்கொள்வார்.

இரண்டு வருஷமாகச் சீடன் கேட்டது இந்த ஒரே கேள்விதான்.

“சாமி, கேக்குறனுங்.”

“காதுல விழுந்துச்சுங்ணா. வீட்டம்மாவக் கூட்டிட்டு வாங்கன்னு போன அமாவாசைக்கு சொன்னேனே?”

“வந்திருக்கறா. வெளிய வண்டிகிட்ட நிக்கறா. பாவாயி, அவளே ஓட்டிட்டு வந்துட்டா.”

“நீங்க?”

“நம்ம லாரி செம்மேட்டுக்குப் போர் போட வந்துச்சுங்க. அதுல ஏறி வந்துட்டேன்.”

“சொந்த வண்டி இருக்கறப்பவா?”

“அதுல உக்காந்தாலே வயித்தெரிச்சலுங்க. பழைய மூஞ்சி.”

பாதி பொய்.

மண்சாமி எட்டிப் பார்த்தார்.

பெரிய சொகுசு வண்டி. கார் மாதிரி மெத்தென்று போகும், ஜீப் மாதிரி நிமிர்ந்து நிற்கும். திருச்செங்கோட்டில் போர் லாரிக்காரர் வீட்டு வாசலில் எல்லாம் இதில் ஒன்று நிற்கும். புதுசாகப் பாலிஷ் போட்டு, முகம் பார்க்கலாம் போல இருந்தது. வாங்கி நான்கு வருஷம். சீட்டின் மேல் கம்பெனி போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் உறை இன்னும் அப்படியே இருந்தது.

பின் சக்கரங்கள் இரண்டுக்கும் அடியில் கல். நீலப் புடவையில் பாவாயி மூன்றாவதாக ஒரு கல்லைத் தேடிக்கொண்டிருந்தார்.

மண்சாமி கல்லைப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“சொல்லுங்ணா.”

“அக்கிரமங்க சாமி இது! போன தடவ நான் வண்டி எடுத்து நாப்பதாம் நாள் கம்பெனிக்காரனுங்க அதே வண்டிக்குப் புது மூஞ்சி வெச்சு விட்டுட்டானுங்க. நாப்பதே நாள்! டயர்ல வெச்சு நசுக்குன எலுமிச்சம்பழக் கறை கூடப் போகல. என்ர சகல அந்தப் புதுசுல வந்து கல்யாண மண்டபத்து வாசல்ல எறங்கறான். எறங்கி, நாலு பேரு முன்னால கேக்குறான், ‘ஏனுங் சகல, உங்களுது பழசுங்ளா?’ன்னு. அன்னிக்கு நான் சோறே திங்கலீங்.”

“பாயசம்?”

“பாயசம் குடிச்சேன்.”

“ம்.”

“அதான் இந்தத் தடவ ஏமாற மாட்டேன்னு இருக்கறேன். முழுசா மாத்துறாங்களாமா. மூஞ்சி, முதுகு, உள்ளாற, எல்லாம். மொதல்ல போன வருஷத் தையில வரும்னான். அப்பறம் தீபாவளின்னான். அப்பறம் சித்திரை. இப்பக் கேட்டா அடுத்த தைங்கறான். ஷோரூம்ல டை கட்டிட்டு ஒருத்தன் சிரிச்சுக்கிட்டே சொல்றான் சாமி! மனுசனக் காக்க வெக்கறதுக்கு ஒரு அளவு வேண்டாமுங்களா? காத்திருக்கறவன் என்ன ஆவான்னு ஒருத்தனாவது நெனைக்கறானா?”

மண்சாமி அவரையே பார்த்தார்.

“ஒருத்தனும் நெனைக்கறதில்லீங்ணா.”

“அப்படிச் சொல்லுங்!”

செங்கோட்டுவேல் போனை எடுத்து நீட்டினார். நெடுஞ்சாலையில் ஒரு வண்டி. யாரோ ஒளிந்திருந்து எடுத்த படம். பம்பரிலிருந்து பின்கதவு வரை கருப்பு வெள்ளை ஸ்டிக்கர், சுழி சுழியாக. எது விளக்கு எது கதவு என்று தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் ஒட்டுகிறார்கள்.

“இதுதான் சாமி. ஓட்டிப் பாக்குறாங்க. மூஞ்சிய மூடிட்டானுங்க. நீங்க அந்த வேலைல இருந்தவங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?”

“தெரியும்.”

செங்கோட்டுவேல் இன்னும் கிட்டே நகர்ந்தார்.

“உங்க வண்டி ஷோரூமுக்கு வந்த அன்னிக்கு, நான் எதச் செதுக்கிட்டு இருந்தேன் தெரியுங்களா?”

“எதுங்க?”

“நீங்க இப்பக் காத்திருக்கறத.”

“அட! அப்பப் பாத்திருக்கீங்க!”

“அது முடிஞ்ச அன்னிக்கே அந்த மண்ண வழிச்சுட்டு அதுக்கு அடுத்தத ஆரம்பிச்சோம்.”

செங்கோட்டுவேல் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். நெற்றி சுருங்கியது.

“அப்ப, அந்த அடுத்ததுக்கே காத்திருந்தரலாமுங்களா?”

இப்படி ஒரு சீடன்.

மண்சாமி ஒரு பெரிய மண் உருண்டையை எடுத்து அவர் மடியில் வைத்தார். வெள்ளை வேட்டி. செங்கோட்டுவேல் பதறினார்.

“செய்யுங்க.”

“எதங்க?”

“எப்படி வரணும்னு இருக்கோ, அப்படி.”

முதலில் வெட்கப்பட்டார். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம். மூக்கை மூன்று தடவை அழித்துச் செய்தார். விளக்கை ஈர்க்குச்சியால் கீறினார், மெல்லிசாக, பூனைக் கண் மாதிரி. கூரை பின்னால் சரிந்து இறங்கியது. வேப்பங்கொட்டை நான்கு பொறுக்கி வந்து சக்கரம் வைத்தார். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருந்தது.

பாவாயி வாசலில் வந்து நின்று ஒரு நிமிஷம் பார்த்தார். மறுபடி வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

“முடிஞ்சுதுங் சாமி.”

மண்சாமி அதைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார். கவிழ்த்துப் பார்த்தார்.

“பிரேக் எங்கீங்ணா?”

செங்கோட்டுவேல் சிரித்தார். “அது உள்ளாற இருக்குமுங்க. வெளிய தெரியுமா?”

“ஆமா. நாங்களும் வெச்சதில்ல. மண்ணு வண்டி மலை எறங்காது.”

கீழே வைத்துவிட்டுக் கை கழுவினார். ஒரு துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

“எங்கீங் சாமி கெளம்பிட்டீங்க?”

“கீழ காரவள்ளி வரைக்கும் ஒரு சோலி. நீங்க எப்ப எறங்கறீங்க?”

“நான் நாளைக்குங்க. போர்ல துளை ஆரம்பிச்சாச்சு, பாதில விட்டுட்டு லாரி எறங்காது. முடிச்சுட்டு அதுலயே வந்துருவேன்.”

“அக்கா?”

“அவ இப்பவே எறங்கிருவா. வீட்ல மாடு கறக்கணுமில்ல.”

“நல்லதாப் போச்சு. நான் அக்காகூட வண்டில போயிக்கறேன்.”

“வேண்டாஞ் சாமி!”

கத்திவிட்டார். கொட்டகை ஓட்டின் மேல் இருந்த காக்கா பறந்தது.

மண்சாமி நின்றார். “ஏங்ணா?”

“இல்லீங்... நீங்க பஸ்ல... ஜீப்பு ஏதாச்சும் சொல்லி விடறேன்.”

“வண்டி சும்மாதானே போகுது?”

“அது வந்துங்க...” அவர் தரையைப் பார்த்தார். “பிரேக் கொஞ்சம் சரியில்லீங்க. எழுபது வளைவு. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருக்குங்க பதில் சொல்றது?”

சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

வாசலில் பாவாயி நின்றிருந்தார். கையில் சாவி. புறப்படுகிறேன் என்று சொல்ல வந்தவர்.



மண்சாமி அவர் பக்கம் திரும்பினார். “அக்கா, பிரேக் சரியில்லாதது உங்களுக்குத் தெரியுங்களா?”

“நாந்தானுங்க அவருக்கே சொன்னேன்.”

“எப்ப?”

“போன ஆவணியில.”

இது ஆனி மாசம்.

“என்ன சொன்னீங்க?”

“மிதிச்சா பெடலு தரை வரைக்கும் போவுது, எனக்குப் பயமா இருக்குது, இதுல நான் உக்காந்திருக்கேன்னு சொன்னேன். மெக்கானிக் சம்சு பாயும் சொன்னாரு, பிரேக் பேடு தேஞ்சே போச்சு, ஆயிலும் கசியுது, மாத்திரலாம்னு. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே பதிலுதான்.”

“என்ன பதிலு?”

“புது மாடல் வருது, பொறுத்துக்க.”

செங்கோட்டுவேலுக்கு ரோஷம் வந்தது. “ஏம்புள்ள, சாமி முன்னால என்ன பேச்சு இது? விக்கப்போற வண்டிக்கு யாராச்சும் செலவு பண்ணுவாங்களா?”

“பாலிஷ் போட்டீங்களே.”

“விக்கற வண்டி பாக்கறதுக்கு நல்லா இருக்கணுமில்ல?”

“ஆமாங்க. நான் விக்கற சாமான் இல்ல.”

பாவாயி சத்தம் போட்டுச் சொல்லவில்லை. மாட்டுக்குத் தவிடு எவ்வளவு என்று சொல்கிற குரல். ஆனால் கையில் சாவிக்கொத்து கிலுகிலுவென்றது.

“நான் என்னமோ லாரி செம்மேட்டுக்கு வந்துச்சுன்னு நீங்க அதுல வந்ததா நெனச்சேன். ஏறும்போதெல்லாம் உங்க லாரி பின்னாலயே வந்தேன். வளைவுல வளைவுல மனசுக்குள்ள பேசிட்டு வந்தேன், சரி, முன்னால அவரு இருக்கறாருன்னு.”

செங்கோட்டுவேல் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். 

“சாமி, எனக்கு ஞானமெல்லாம் ஒண்ணும் வேண்டாங்க. கீழ போற பஸ் எத்தன மணிக்கு?”

“இப்ப வந்துரும். நானும் வரேன்.”

பாவாயி குனிந்தார். தரையில் இருந்த மண் வண்டியின் கூரை மேல் சாவியை வைத்து அழுத்தினார். பூனைக்கண் விளக்கு பிதுங்கியது. சரிந்த கூரை இன்னும் சரிந்தது.

“நீங்களே கொண்டாங்க. இன்னிக்கு வேணாலும் எறங்குங்க, நாளைக்கு வேணாலும் எறங்குங்க.”

“பாவாயி!”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மண்சாமியும்தான்.

“வண்டிய மலை மேல விட்டுட்டு லாரில எப்படிப் போறது? மழ வந்தா பாலிஷ் போயிருமில்ல!”

பஸ் வந்தது. இரண்டு பேரும் ஏறினார்கள். பஸ் போய்விட்டது.

செங்கோட்டுவேல் கொஞ்ச நேரம் நின்றார். கோபம் தீரவில்லை. பொம்பளைக்கே இவ்வளவு ரோஷம் என்றால் தனக்கு எவ்வளவு இருக்கும் என்று நினைத்தார். எத்தனை லாரி பார்த்தவர், இந்த வண்டியை இறக்க முடியாதா?

சாவியைப் பிடுங்கி, மண்ணை வேட்டியில் துடைத்தார். சக்கரத்தடியில் இருந்த முதல் கல்லை உதைத்தார். இரண்டாவதை உதைத்தார். மூன்றாவது கல்லை பாவாயி நன்றாக இறுக்கி வைத்திருந்தார். குனிந்து இரண்டு கையாலும் பிடுங்க வேண்டியிருந்தது.

ஏறி உட்கார்ந்தார். பிளாஸ்டிக் உறை கரகரத்தது. இந்த சீட்டில் அவர் கடைசியாக எப்போது உட்கார்ந்தார் என்று அவருக்கே ஞாபகமில்லை.

மெதுவாகத்தான் விட்டார். ரோடு இறங்க ஆரம்பித்தது. மஞ்சள் பலகை தெரிந்தது. கொண்டை ஊசி வளைவு, எழுபது. மேலே இருந்து எண்ணினால் அதுதான் முதல். இன்னும் அறுபத்தொன்பது பாக்கி.

பிரேக்கை மிதித்தார்.

பெடல் தரையில் போய் ஒட்டியது.

வண்டி நிற்கவில்லை.

மறுபடி மிதித்தார். மறுபடி. ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். கிரீச்சென்று கத்திக்கொண்டே வண்டி போனது. இடது பக்கம் பள்ளம். பள்ளத்தில் மிளகுக் கொடி படர்ந்த மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது. ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தார். மலைச்சரிவு மண்ணில் அந்தப் பழைய மூஞ்சி போய்க் குத்தி நின்றது.

மண் பொலபொலவென்று பானட்டின் மேல் கொட்டியது.

கால் பெடல் மேலேயே இருந்தது. எடுக்க முடியவில்லை.  எடுத்தால் வண்டி பின்னால் போகுமா, முன்னால் போகுமா, தெரியவில்லை. இறங்கிக் கல் வைக்க ஆளில்லை.

மூன்று வளைவு கீழே பஸ் திரும்புவது தெரிந்தது. ஜன்னலோரம் ஒரு நீலப் புடவை.

போனை எடுத்தார்.  மூன்றாவது தடவைதான் நம்பர் சரியாக விழுந்தது.

“சம்சு! சம்சு! ஒடனே ஆள அனுப்பு. கொல்லிமலை, மேல இருந்து மொத வளைவு. பிரேக் சுத்தமாப் புடிக்கல.”

“இப்பங்களாண்ணா?” அந்தப் பக்கம் ஸ்பானர் கீழே விழுகிற சத்தம். “கடைல ரெண்டு வண்டி பிரிச்சுப் போட்டுருக்கேன். நாளன்னிக்கு வேணா வரட்டுங்களா? நீங்கதான சொன்னீங்க, புது மாடல் வருதுன்னு. அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கங்ணா.”

“யோவ்! இதுல நான் உக்காந்திருக்கேன்யா!”