கரியன் பால் மறந்த கதை

மலையும் மண்ணும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், பூவாத்தாளின் சோளக்காட்டு நடுவே நிலம் வெடித்து ஒரு மலை பிறந்தது. பிறந்தபோது குப்பைமேட்டு உயரம்தான். உச்சியில் சின்னதாய் ஒரு வாய். அதைத் திறந்து திறந்து புகையும் கங்குமாகக் கக்கியது.

களை வெட்டிக்கொண்டிருந்த பூவாத்தாள் பயந்து ஓடவில்லை. நாலு பிள்ளை பெற்றவள், கக்குகிற பிள்ளையை அவள் காணாதவளா? "கக்குற புள்ள தக்கும்" என்று சிரித்தபடி, கருகருவென்றிருந்த அதற்குக் கரியன் என்று பேர் வைத்தாள். கரியனும் அவளை "அத்தே" என்று கூப்பிடப் பழகிக்கொண்டான்.

தக்கினான். ஏன் தக்கமாட்டான்? அடியில் படுத்திருந்த பூமித்தாய் இடைவிடாமல் நெருப்புப்பால் கொடுத்தாளே! குடிப்பதும் கக்குவதும்தான் அவனுக்கு வேலை. கக்கிய கங்கெல்லாம் ஆறி, கல்லும் பொடியுமாக அவன்மேலேயே விழுந்தன. காலையில் ஓர் உயரம், மாலையில் ஓர் உயரம். சோளக்காடு மூடிப்போயிற்று. ஓரத்துப் பனைகள் தலை மட்டும் தெரிய நின்றன. அடுத்தது பூவாத்தாளின் வீடு, அதற்கடுத்தது ஊர்.

"ஏரிய வெட்டி அவன் அடி வெடிப்புல உட்டுரலாம். அவிஞ்சு சாகட்டும்" என்றான் அவள் கணவன் சடையன். ஊரும் மண்வெட்டியோடு நின்றது.

"பச்சப் புள்ளையப் போயி கொல்லறதுங்களா?" என்றாள் பூவாத்தாள்.

"அப்ப நம்ம புள்ளைக எங்க போயி படுக்கறது?"

அவள் பொழுது சாயும்வரை பொறுக்கச் சொல்லிக் கெஞ்சிவிட்டு, அடிவாரத்து வெடிப்பில் குனிந்து கூப்பிட்டாள்.

"தாயி, இன்னும் எத்தன நாளைக்கு மடியிலயே வெச்சிருப்ப? பால மறக்க வெய்யி."

"கடைக்குட்டியாச்சே புள்ள. அவன் அழுதா எனக்குத் தாங்காது" என்றாள் பூமித்தாய். பெரிய பெரிய மலைகளைப் பெற்றவள் பேசுகிற பேச்சா இது? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

"நீ மறக்க வெக்கலீன்னா ஊரு அவனக் கொன்னுபோடும்."

பூமித்தாய், "நீயே செஞ்சுரு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்" என்றாள்.

பூவாத்தாள் வேப்பங்கொழுந்தை அம்மியில் மையாக அரைத்தாள். நாலு பிள்ளைகளுக்கும் செய்ததுதான். அதைக் கரைத்து, பால் ஏறிவரும் வெடிப்பில் ஊற்றினாள்.

கரியன் ஒரு வாய் குடித்தான். "கசக்குது அத்தே! என்ன பண்ணுன?"

பூமித்தாய் சொன்னபடி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் வாயைப் பிளந்து அழுதான். ஊரெல்லாம் சாம்பல் பறக்க அழுது அழுது, திறந்த வாய் திறந்தபடியே தூங்கிப்போனான். வீடு பிழைத்தது. பூவாத்தாளோ சூடு ஆறாத அடிவாரத்தில் உட்கார்ந்து அவனைவிடப் பெரிதாக அழுதாள். அப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டும் அவன் "அத்தே" என்று சொல்லவேயில்லை. ஆனால் அடுத்த மழைக்கு, அவன் கக்கிப்போட்ட பொடியில் அவளுக்குச் சோளம் ஆளுயரம் வந்தது.

அன்று முதல்தான் இந்தக் கங்குமலைகள் கொஞ்ச காலமே வளர்ந்து, உச்சியில் வாய் திறந்தபடி நின்றுபோகின்றன. பால் மறக்க வேம்பு தடவும் தாய்மாரும் அன்று முதல்தான் பிள்ளையின் முகத்தைப் பார்க்க மாட்டாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள்.