பாவாயி ஏறாத கார்

ஒரு ஊர்ல ஒரு சேகோ மில்லு இருந்துச்சாம் கண்ணு. நீ பாயாசத்துல தேடித் தேடித் திங்கிற ஜவ்வரிசி, அதை அங்கதான் செய்வாங்க. குச்சிக்கெழங்கை, அதான் மரவள்ளியை, லாரி லாரியாக் கொண்டாந்து கொட்டி, அரைச்சு, பாலைப் புழிஞ்சு எடுப்பாங்க. மிச்சம் நிக்கிற சக்கைக்குப் பேரு திப்பி. திப்பியும் கெழங்கு கழுவுன தண்ணியும் புளிச்சுப் போயி, ரோட்டுல போறவங்க மூக்கைப் பொத்திக்குவாங்க. ம் சொல்லு.

"ம்."

அந்த மில்லுல திப்பி அள்ளுறவ பாவாயி. அவ புருசன் அர்த்தநாரி, வாடகைக் கார் ஓட்டறவன். பெட்ரோல் வெலை ஏற ஏற, காரு ஓடுன நாளை விட வாசல்ல நின்ன நாளு அதிகமாப் போச்சு.

அப்போ மில்லு ஃபிட்டர் இருசப்பன் ஒரு யோசனை சொன்னான். கழிவுத்தண்ணிக் குட்டை மேல கறுப்பா ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடியிருந்தாங்க. உள்ள கேஸ் சேந்து அது யானை வயிறாட்டம் உப்பிக் கெடக்கும். அந்த கேஸ்ல மில்லு அடுப்பு எரியுதே, காரு மட்டும் ஓடாதா என்னன்னு கேட்டான். மொதலாளியும் மிச்சமாகிறதை எடுத்துக்கங்கன்னுட்டாரு.

அப்புறம் காருக்கு கேஸ் கிட்டு மாட்டி, சிலிண்டர்ல கேஸை அமுக்கி அடைச்சு, சாவியைத் திருகுனாங்க. கொக்... கொக்... புஸ்ஸு. நின்னுபோச்சு. எரியாத காத்தும் அதுல பாதிக்குப் பாதி கலந்திருக்குன்னான் இருசப்பன். அவனும் அர்த்தநாரியுமா உசரமா ஒரு குழாயை நட்டு, உள்ள தண்ணியைப் பொழியவிட்டு, சளசளன்னு கேஸைக் கழுவுனாங்க.

ரெண்டாந்தடவை ஏரிக்கரை வரைக்கும் ஓடுச்சு. அப்புறம் டப்புன்னு நின்னுருச்சு. தொறந்து பாத்தா, அழுகின முட்டை வாசம். அந்த வாசம் இஞ்சினையே அரிச்சுத் தின்னுருமாம். அதைப் பிடிச்சு வெக்க, துருப்பிடிச்ச இரும்புச் சுருள் வேணுமாம். பாவாயி வேலை முடிஞ்சு இரும்பு கடையற லேத்துப் பட்டறை ஒவ்வொண்ணா ஏறி எறங்கி, கூடை கூடையாச் சுருள் பொறுக்கியாந்தா. தண்ணி தெளிச்சுத் துரு ஏத்துனதும் அவதான். வெரலெல்லாம் கீறல்.

மூணாந்தடவை, டுர்ர்ர்ருன்னு கெளம்புச்சு பாரு!

"ஓடுச்சா?"

ஓடுச்சு கண்ணு. ஊரே வேடிக்கை பாத்துச்சு. மொதலாளி முன் சீட்டுல ஏறிக்கிட்டாரு. பாவாயி கையைத் தொடைச்சுக்கிட்டு, நானும் ஒரு ரவுண்டு வரட்டுமான்னு கேட்டா. அப்புறம் பாத்துக்கலாம்னுட்டான் அர்த்தநாரி.

அப்புறம் அவ அம்மா வீட்டு மாரியம்மன் பண்டிகை வந்துச்சு. கார்ல கொண்டுபோயி விடறீங்களான்னு கேட்டா. கல்யாண சவாரி இருக்கு, சீட்டுக்குப் புது உறை போட்டிருக்கேன், பஸ்ல போயிருன்னான்.

மூணாவதா ஒரு மழை நாளு. மில்லு விட்டு பஸ் ஸ்டாப்புல நனைஞ்சுக்கிட்டு நிக்கிறா பாவாயி. அர்த்தநாரி கார் வருது, உள்ள சேலத்துக் குடும்பம். அவளைப் பாத்ததும் கால் தானா பிரேக்கை அமுக்கிருச்சு. அவ ஓடியாந்து கதவுல கையை வெச்சா. பின் சீட்டுல இருந்த சேலத்து அம்மா முந்தானையால மூக்கை மூடுனாங்க.

"ஆளுங்க இருக்காங்க. பஸ்ல வா," ன்னான்.

கார் நகரும்போது அந்தம்மா யாருப்பா அதுன்னு கேட்டாங்க. கண்ணாடி இன்னும் ஏத்தலை. அவன் சொன்னான், "மில்லுல வேலை செய்யற ஒரு பொம்பளைங்க."

அது பாவாயி காதுல விழுந்துருச்சு.

... தூங்கிட்டியா?

"ம்ஹும். அழுதாளா?"

இல்ல. வீட்டுக்கு வந்து எப்பவும் போலக் களி கிண்டிப் போட்டா. ஆனா அதுக்கப்புறம் கார்ல வரேன்னு கேக்கவே இல்ல. அவனுக்கும் அது ஒறைக்கவே இல்ல.

அப்புறம் மில்லுல ஒரு விழா. திப்பித்தண்ணியில கார் ஓட்டுனவன்னு அர்த்தநாரிக்கு மாலை போட்டு மைக்கைக் குடுத்தாங்க. "கழிவுன்னு எதையும் ஒதுக்காதீங்க. நாம மூக்கைப் பொத்துனதுதான் இன்னைக்கு..."ன்னு சொல்லிக்கிட்டே கூட்டத்தைப் பாத்தான். கடைசி வரிசையில பாவாயி ஒக்காந்து அவனையே பாத்துக்கிட்டிருந்தா. பேச்சைப் பாதியிலயே விட்டான். மாலையைக் கழட்டி வெச்சுட்டு எறங்கிட்டான்.

விழா முடிஞ்சு வாசல்ல காரை நிறுத்தி, முன் கதவைத் தொறந்து வெச்சுக்கிட்டு நின்னான்.

"வா பாவாயி. ஏறு."

"நான் பஸ்லயே வரேனுங்க."

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு."

அவ காரைப் பாத்தா. அப்புறம் மெதுவாச் சொன்னா, "எனக்குக் கோவமெல்லாம் இல்லீங்க. அந்தக் கதவுகிட்ட வந்தா காலு எடுத்து வெக்க வர மாட்டேங்குது."

சொல்லிட்டு நடந்துட்டா. அடுத்த நாளும் கூப்பிட்டான். ஆடி பொறந்து கூப்பிட்டான், பொங்கலுக்குக் கூப்பிட்டான். நல்லாத்தான் பேசுவா, சிரிப்பா, சோறு போடுவா. கார்ல மட்டும் ஏற மாட்டா. ஊர்ல அந்தக் கார்ல ஏறாத ஆளு இல்ல. புள்ளத்தாச்சிங்க ஏறுனாங்க, மாப்பிள்ளைங்க ஏறுனாங்க, ஆட்டுக்குட்டிகூட ஏறுச்சு. அவ ஏறவே இல்ல.

கடைசியா ஒரு சாயங்காலம், காரை மில்லுலயே பூட்டிட்டு, அவ பின்னாடியே போயி அதே பஸ்ல ஏறுனான். பாவாயி ஜன்னல் பக்கம் நகந்து எடம் விட்டா. ஒக்காந்தான். அவ சேலையிலிருந்து திப்பி வாசம் வந்துச்சு. அவன் மூக்கைத் திருப்பலை. அவ வெளியே வயலைப் பாத்துக்கிட்டே வந்தா, அவன் அவளைப் பாத்துக்கிட்டே வந்தான்.

"அப்புறம்?"

அப்புறம் தெனமும் அப்படித்தான் கண்ணு. பஸ்ஸு கெளம்பிருச்சு, கதையும் அதுல ஏறிப் போயிருச்சு. கண்ணை மூடு, தூங்கு.