கவிழ்த்து வைத்த படம்

"டீச்சர், நாளையோட போட்டோக் கடையைப் பூட்டிரலாம்னு இருக்கேன்," என்றார் சௌந்தரபாண்டி.

கோமதி டீச்சர் தலையைத் தூக்கவில்லை. திரையில் ஒரு கல்யாணப் பெண்ணின் முகத்துப் பருக்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தாள்.

அவரைவிட அவளுக்கு வயது ரொம்பக் குறைவு. ஆனாலும் கம்ப்யூட்டரில் படம் திருத்தக் கற்றுக்கொடுத்தவள் அவள்தானே. அதனால் நரைத்த மீசையோடு வந்து நின்று டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அவள் அவரை அண்ணே என்பாள்.

"உட்காருங்கண்ணே. என்ன ஆச்சு?"

"கனியம்மாள்னு ஒரு அம்மா. புருஷன் தவறிட்டார். நாளைக்குப் பதினாறாம் நாள் விசேஷம். மாமனார் படம் சுவத்துல பழுப்பா இருக்கு, பக்கத்துல மாட்டணும், இவருக்கும் அதே மாதிரி பழுப்பாப் போட்டுக் குடுங்கன்னு அவுகளேதான் கேட்டாக."

"போட்டீங்களா?"

"போட்டேன். வேண்டாம்னு மேஜையில கவுத்து வச்சுட்டுப் போயிட்டாக. சரின்னு இளம் பழுப்பாக்கினேன். அதையும் கவுத்து வச்சாக. தேன் நிறத்துல போட்டுப் பார்த்தேன். அதுக்கும் அதே கதி."

"என்ன குறைன்னு கேட்டீங்களா?"

"வாயைத் திறந்தாத்தானே. முந்தானையைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறாக."

அவருக்கு அலுத்துப்போயிருந்தது. கல்யாண வீட்டில் அவசரப்படுத்துகிறார்கள், சாவு வீட்டில் குறை சொல்கிறார்கள். வாலிபத்திலிருந்து மனுஷர் முகத்தையே பார்த்துப் பார்த்து, இப்போதெல்லாம் எந்த முகமும் அவர் மனசில் நிற்பதில்லை. என்ன பிழைப்போ இது.

"காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு சும்மாவா சொன்னாக? அந்தம்மாவுக்கு எதைக் காட்டினாலும் பிடிக்காது, டீச்சர்."

"படத்தைக் காட்டுங்க."

பென்டிரைவில் கொண்டுவந்திருந்ததைத் திறந்தார். ஏதோ கிடாவெட்டு விருந்தில் எடுத்த படம். பெரிய மீசை, வெள்ளைச் சட்டை, வாய் நிறையச் சிரிப்பு. வேலையில் சௌந்தரபாண்டியைக் குறை சொல்ல முடியாது. வண்ணத்தை எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கி, அதன்மேல் பழுப்பைத் திட்டு இல்லாமல் ஏற்றியிருந்தார்.

"பழுப்பை எங்கெங்க ஏத்துனீங்க?"

"எங்கெங்கன்னா? படம் பூராவும்தான்."

அவள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். நடுவில் கத்தரியால் நீளவாக்கில் வெட்டி ஓட்டை போட்டு, திரைமேல் வைத்துப் பிடித்தாள்.

மீசை மறைந்தது. சிரிப்பு மறைந்தது. ரெண்டு கண் மட்டும் தெரிந்தது.

"யாருண்ணே இது?"

சௌந்தரபாண்டி குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"கண்ணெல்லாம் மஞ்சளா, யாரோ சீக்காளி மாதிரில்ல இருக்கு..."

"அவருக்கு என்ன செஞ்சுச்சு? எதுல போனாரு?"

"அதை நான் கேக்கலையே."

சொல்லி வாயை மூடவில்லை, சற்றுமுன் தான் சொன்ன பழமொழி ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அவருக்கு வெட்கமாக இருந்தது. எதிரில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

டீச்சர் பருக்களை அழிக்கப் போய்விட்டாள்.

கடைக்குத் திரும்பி வேலையில் உட்கார்ந்தார். கண்ணின் வெள்ளையிலிருந்து பழுப்பை எடுத்தார். பல்லிலிருந்தும் சட்டையிலிருந்தும் எடுத்தார். தலைமுடியில், மீசையில், கன்னத்து நிழலில், சட்டையின் மடிப்பில் மட்டும் விட்டுவைத்தார். அந்த மனிதருக்குக் கண்ணோரத்தில் ஒரு சின்ன மச்சம் இருப்பதே அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

சாயங்காலம் கனியம்மாள் வந்தாள். பார்க்கும் முன்னேயே கவிழ்த்து வைக்கத் தயாராக வந்தவள் போல இருந்தாள்.

படத்தைக் கையில் கொடுத்தார்.

அவள் அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் இமையை இறக்கிப் பார்ப்பாரே, அந்த மாதிரி, படத்தில் கண்ணுக்குக் கீழே கட்டைவிரலை வைத்தாள்.

"தினமும் விடிஞ்சதும் இப்படித்தான் தம்பி பார்ப்பேன். கண்ணுல மஞ்ச இறங்கிட்டாப் பொழச்சுக்குவாருன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. கடைசி வரைக்கும் பார்த்தேன்."

சௌந்தரபாண்டி எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"இப்ப எப்படிம்மா இருக்கு?"

அவள் படத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"இறங்கிருச்சு," என்றாள்.