பாத்தி ஏன் சிவக்கிறது?

"வந்தாங்க, டீச்சர். ஆனா எதையும் தொடல" என்றார் அருள்வளன்.

ரூபாவதி நிமிர்ந்து பார்க்கவில்லை. அறுந்துபோன ஊசலுக்குப் புதுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"டிக்கெட் வேண்டாம்னு சொன்னோம். பஸ் அனுப்பினோம். பலகை எல்லாத்தையும் தமிழ்ல எழுதி வச்சோம். உப்பளத்துல இருந்து நாப்பது பேர் வந்தாங்க. வாசல்லயே செருப்பக் கழட்டிட்டாங்க. கையப் பின்னால கட்டிக்கிட்டு ஒரு சுத்து வந்தாங்க. இருபது நிமிஷம்தான். திரும்ப பஸ்ல ஏறிட்டாங்க."

"ம்."

"ஆர்வமே இல்லாதவங்கள நாம என்ன பண்ண முடியும், டீச்சர்?"

அந்தக் கடலோர ஊரைச் சுற்றி மூன்று பக்கமும் உப்பளம். நடுவில் இந்த அறிவியல் மண்டபம். அருள்வளனுக்கு வயது ஐம்பத்து மூன்று. கல்லூரியில் இருபத்தாறு வருடம் இயற்பியல் நடத்தியவர். மண்டபத்தின் தலைவி ரூபாவதிக்கு முப்பத்தொன்பது. மண்டபத்துக்கு வருவதற்கு முன்னால் தெருத்தெருவாகப் போய்ச் சோதனைகள் செய்து காட்டியவர். ஒருநாள் சந்தை வாசலில் அவரைச் சுற்றி இருநூறு பேர் நிற்பதை அருள்வளன் பார்த்தார். தன் வகுப்பில் அறுபது பேர் தூங்குவது அவருக்கு நினைவுக்கு வந்தது. அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டு ரூபாவதியிடம் வந்து நின்றார்.

"எனக்குச் சொல்லிக் கொடுங்க" என்றார்.

அன்றிலிருந்து அவர் ரூபாவதியை டீச்சர் என்றும், ரூபாவதி அவரை சார் என்றும் அழைத்து வருகிறார்கள்.

ரூபாவதி முடிச்சை இறுக்கினார்.

"எப்படி நின்னாங்க? காட்டுங்க."

அருள்வளன் செருப்பைக் கழற்றினார். கைகளைப் பின்னால் கட்டினார். தோளைக் கொஞ்சம் குறுக்கிக்கொண்டார்.

"அப்படியே கூடத்துல போய் ஒரு மணி நேரம் நில்லுங்க, சார்."

நின்றார்.

தரை சில்லென்று இருந்தது. பத்து நிமிடத்தில் கால் மரத்தது. மூக்கு அரித்தது. கையை எடுத்ததும், வேலைக்குச் சேர்ந்து இரண்டு நாளே ஆன காவலாளி ஓடி வந்தான்.

"ஐயா, கண்ணாடியத் தொடக் கூடாது."

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார்.

"என்ன பாத்தீங்க?"

"இங்க எல்லாப் பலகையும் பேசுது, டீச்சர். ஒண்ணுகூட என்னை எதுவும் கேக்கல."

ரூபாவதி முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"நாளைக்கு உப்பளத்துக்குப் போங்க. உங்களுக்குப் பதில் தெரியாத ஒரு கேள்விய அங்கிருந்து கொண்டு வாங்க."



மறுநாள் காலை ஏழு மணிக்கே அருள்வளன் வரப்பில் நின்றார்.

பாத்திகளில் பெண்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். நீளமான கம்பின் முனையில் பலகை. அதை இழுக்க இழுக்க உப்பு கரை சேர்ந்தது.

"அறிவியல்ல உங்களுக்கு என்ன சந்தேகம் இருந்தாலும் கேக்கலாம்" என்றார் அருள்வளன், உரக்க.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தண்ணி லாரி என்னைக்கு சார் வரும்?" என்று ஒருத்தி கேட்டாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அருள்வளன் திரும்பி வந்துவிட்டார்.

"தண்ணி லாரி எப்ப வரும்னு கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியல. அது கணக்குல வருமா?"

"எங்க நின்னு கேட்டீங்க?"

"வரப்புல."

"ஷூ போட்டுக்கிட்டா?"

அருள்வளன் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார்.

அடுத்த நாள் அவர் ஷூவை வரப்பில் விட்டுவிட்டுப் பாத்திக்குள் இறங்கினார். ஒரு பலகையை வாங்கி இழுத்தார். காலில் இருந்த சின்ன வெடிப்புகள் எல்லாம் தீயாக எரிந்தன. ஒன்பது மணிக்கெல்லாம் கண் கூசியது. வெள்ளை உப்பில் பட்ட வெயில் கீழிருந்தும் அடித்தது. பெண்கள் முக்காட்டைப் புருவம் வரை இழுத்துவிட்டிருப்பது ஏன் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

அன்று அவர் எதுவும் கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை.

நான்காம் நாள் பக்கத்துப் பாத்தியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பலகைய அழுத்தாதீங்க சார். அடிமண்ணு சேந்து வந்துரும். உப்பு கருத்துப் போவும்."

முத்துப்பேச்சி. நாற்பத்து நான்கு வயது. பதினாறு வயதிலிருந்து உப்பளத்தில் இருப்பவள்.

அருள்வளன் கையைத் தளர்த்தினார். உப்பு வெள்ளையாக வந்தது.

"எப்ப வாரணும்னு எப்படிம்மா கண்டுபிடிக்கிறீங்க?"

"தண்ணி சொல்லும். மொதல்ல பச்சையா கெடக்கும். சுண்டச் சுண்டச் செவக்கும். நல்லாச் செவந்தா, உப்பு எறங்கப் போவுதுன்னு அர்த்தம்."

அவள் பலகையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"நீங்க படிச்சவுக. ஒண்ணு கேக்குதேன். அது ஏன் சார் செவக்குது?"

அருள்வளன் வாயைத் திறந்தார். இருபத்தாறு வருடப் பழக்கம். பதில் வந்துவிடும் என்றுதான் திறந்தார்.

வரவில்லை.

"தெரியலம்மா" என்றார்.

முத்துப்பேச்சி அவரை உற்றுப் பார்த்தாள். கேலி செய்கிறாரா என்று பார்த்தாள். இல்லை என்று தெரிந்தது.

"வந்த புதுசுல மேஸ்திரிகிட்ட கேட்டேன். வேலையப் பாருன்னாரு. பொம்பளைக சொன்னாளுவ, இங்க ஒருத்திய வெட்டிப் போட்டாங்க, அவ ரத்தம்னு. நான் நம்பல."

"ஏன் நம்பல?"

"ரத்தம்னா ஒரு பாத்திதான செவக்கணும்? எல்லாப் பாத்தியும் செவக்கு. அதுவும் தண்ணி கெட்டியானாத்தான் செவக்கு. மழ பெஞ்சி தண்ணி எளகிட்டா செவப்பு போயிருது. செத்தவ மழைக்குப் பயந்து ஓடிருவாளா?"

அருள்வளன் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். எந்த மாணவனும் அவர் முன்னால் இப்படி ஒரு வாதத்தை வைத்ததில்லை.

"இருவத்தெட்டு வருசமா யாருகிட்டயும் கேக்கல சார்" என்றாள் முத்துப்பேச்சி. "நீங்க தெரியலன்னு சொன்னீங்க பாருங்க, அதான் இவ்வளவு பேசிட்டேன்."



அருள்வளன் மண்டபத்துக்கு ஓடினார்.

"கிடைச்சிடுச்சு, டீச்சர்! பாத்தித் தண்ணி ஏன் சிவக்குது?"

"நல்ல கேள்வி. யாரோடது?"

"முத்துப்பேச்சின்னு ஒருத்தங்க."

ரூபாவதி அவர் தோளுக்குப் பின்னால், வாசலைப் பார்த்தார்.

"அவங்க எங்க?"

அருள்வளன் வந்த வழியே திரும்பினார்.

முத்துப்பேச்சி தயங்கினாள்.

"அங்க வந்திருக்கமே சார். தொடாதே, சாயாதே, சத்தம் போடாதேன்னு எழுதியிருந்துச்சு. அது பெரிய எடம். நீங்களே பாத்துட்டு வந்து சொல்லிருங்க."

"எந்தப் பாத்தியில, எந்தத் தண்ணிய எடுக்கணும்னு எனக்குத் தெரியாதே. நீங்க இல்லாம நான் எதப் பாக்கறது?"

அவள் யோசித்தாள்.

"பாட்டில் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.



ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு முத்துப்பேச்சி வந்தாள். கூட ஏழு பெண்கள். கையில் ஐந்து பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் கரியால் எண் போட்டிருந்தாள். முதல் பாட்டிலில் பாத்திக்கு இறைக்கும் உப்புக் கிணற்றுத் தண்ணீர். ஐந்தாவதில் உப்பு இறங்கக் காத்திருக்கும் தண்ணீர், பன்னீர் ரோஜா நிறத்தில்.

மண்டபத்தின் நல்ல நுண்ணோக்கி கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டியிருந்தது. ரூபாவதி சாவியைக் கொண்டு வந்து பூட்டைத் திறந்தார். நுண்ணோக்கியை வெளியே எடுத்து மேசையில் வைத்தார். பூட்டைக் குப்பைக் கூடையில் போட்டார்.

பிறகு ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அருள்வளன் ஒரு சொட்டு வைத்துக் காட்டினார். முத்துப்பேச்சி இரண்டு முறை பார்த்துவிட்டு, "நகருங்க சார்" என்றாள். அடுத்த சொட்டை அவளே வைத்தாள். குமிழை அவளே திருகினாள்.

முதல் பாட்டிலில் ஒன்றுமில்லை.

இரண்டாவதில் பச்சைப் புள்ளிகள் சில.

மூன்றாவதில் பச்சையோடு கொஞ்சம் மஞ்சள்.

நான்காவது சொட்டை வைத்தாள். குனிந்தாள். அப்படியே நின்றாள்.

"என்னம்மா?"

"ஓடுது" என்றாள் மெல்ல.

"எது?"

"செவப்பு ஓடுது சார்! வால் இருக்கு, வால அடிச்சிக்கிட்டு ஓடுது!" அவள் நிமிர்ந்தாள். "ஏ, உசுருடீ! அம்புட்டும் உசுரு! நம்ம காலு வெந்து போற தண்ணிக்குள்ள உசுரு இருக்குடீ!"

பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொருத்தியாகக் குனிந்தார்கள். ஒவ்வொருத்தியாகக் கத்தினார்கள்.

சவேரியம்மாள் மட்டும் குனிந்துவிட்டுத் தலையை அசைத்தாள். முப்பது வருட வெயில் அவள் கண்ணைப் பாதி தின்றிருந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியலடீ. நீங்க பாருங்க" என்று ஒதுங்கினாள்.

முத்துப்பேச்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அருள்வளன் உள்ளே போனார். கேமராவையும் படம் காட்டும் கருவியையும் தூக்கிக்கொண்டு வந்தார். நுண்ணோக்கியின் மேல் கேமராவைப் பொருத்தினார். எதிர்ச் சுவரில் பெரிய விளக்கப் பலகை ஒன்று தொங்கியது. அவரே எழுதியது, நான்கு வருடத்துக்கு முன்னால். அதைக் கழற்றிக் கீழே வைத்தார். சுவர் வெறுமையாக, வெள்ளையாக இருந்தது.

விளக்கை அணைத்தார்.

சுவர் முழுக்கச் சிவப்பு உருண்டைகள். ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவு. வாலைச் சுழற்றிக்கொண்டு பாய்ந்தன, மோதின, திரும்பின.

சவேரியம்மாள் சுவரை நோக்கி நடந்தாள். இரண்டு கைகளையும் விரித்துச் சுவரில் வைத்தாள். உருண்டைகள் அவள் விரல்களின் மேல் ஓடின.

"நீங்கதானா?" என்றாள். "இத்தன வருசமும் கூடவே கெடந்தீங்களா?"

காவலாளி ஓடி வந்தான். தொடக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தவன், சுவரைப் பார்த்தான். சொல்ல மறந்துபோனான்.

சத்தம் கேட்டு மற்ற கூடங்களில் இருந்தவர்கள் வந்தார்கள். சுற்றுலா வந்த இரண்டு பள்ளிகளின் பிள்ளைகளோடு ஆசிரியைகள் வந்தார்கள். கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் வந்தது. சக்கர நாற்காலியில் இருந்த ஒருவருக்காகக் கூட்டம் பிளந்து வழிவிட்டது. கொஞ்ச நேரத்தில் கூடத்தில் நிற்க இடமில்லை.

"இது என்னது?" என்று ஒரு பெண் குழந்தை கேட்டது.

எல்லோரும் அருள்வளனைப் பார்த்தார்கள்.

அவர் இந்த மூன்று நாளில் படித்திருந்தார். விடை சட்டைப் பையில் ஒரு தாளில் இருந்தது. அதில் அந்த உயிரின் பெயர் இருந்தது. நிறத்தின் பெயர் இருந்தது. காரணமும் இருந்தது.

அவர் கை பைக்குப் போனது.

ரூபாவதி மூலையிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கை திரும்பி வந்தது.

"அவங்கள கேளும்மா" என்றார்.

முத்துப்பேச்சி தொண்டையைச் செருமினாள். அறுபது எழுபது பேர் அவள் வாயைப் பார்த்தார்கள். அவள் பாட்டில்களை வரிசையாக மேசையில் வைத்தாள்.

"ரெண்டாவது பாட்டில்ல இதே உசுருதான், பச்சையா இருந்துச்சு. நாலாவதுல செவப்பு. உசுரு ஒண்ணுதான், நெறம் மாறுது. ஏன்?"

அவள் நான்காவது பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள்.

"தண்ணி சுண்டுனா ஆழம் கொறஞ்சிரும். வெயில் அடிவரைக்கும் அடிக்கும். உப்பு ஒருபக்கம் அரிக்கும். அது எங்க போவும்? ஓட எடமில்ல." அவள் தன் முக்காட்டைப் பிடித்துப் புருவம் வரை இழுத்துவிட்டாள். "வெயில் ஏற ஏற நாங்க இதச் செய்யல? அந்த மாதிரி அதுவும் எதையோ போத்திக்கிடுதோன்னு தோணுது. செவப்பா ஒரு முக்காடு."

அருள்வளன் பையிலிருந்த தாளை எடுத்தார். கடைசி வரியைச் சத்தமாகப் படித்தார்.

"அதிக ஒளியிலிருந்தும் உப்பிலிருந்தும் தன்னைக் காத்துக்கொள்ள இந்த உயிரி செந்நிறமியைச் சேர்த்துக்கொள்கிறது."

கூடமே வெடித்தது. பெண்கள் முத்துப்பேச்சியைக் கட்டிக்கொண்டார்கள். பிள்ளைகள் பெஞ்சில் ஏறிக் கைதட்டினார்கள். சவேரியம்மாள் விசிலடித்தாள்.

முத்துப்பேச்சி மட்டும் சிரிக்கவில்லை. எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"சார்" என்றாள். "புஸ்தகத்துல இருந்தா ஆச்சா? நாம பாக்க வேண்டாமா?"

"என்ன பாக்கணும்?"

"ரெண்டு பாத்தி வெட்டுவோம். ஒரே தண்ணிய ரெண்டுலயும் விடுவோம். ஒண்ணுக்கு மேல பந்தல் போடுவோம். ஒண்ணு வெறும் வெயில்ல கெடக்கட்டும். நான் சொன்னது சரின்னா, பந்தலுக்குக் கீழ இருக்கது அவ்வளவா செவக்காது. நெழல்ல சுண்ட நாளாவும். பொறுத்துத்தான் பாக்கணும்."

"எங்க வெட்டறது?"

"இங்கதான். எல்லாரும் பாக்கட்டுமே."

பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடினார்கள். மண்டபத்தின் முன்னால் பெரிய புல்வெளி. நடுவில் கல்வெட்டு. சுற்றிலும் கம்பி வேலி. உள்ளே யாரும் கால் வைத்ததில்லை.

அருள்வளன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மூலைக்கு வந்தார். முகம் வியர்த்திருந்தது.

"டீச்சர், உப்புத் தண்ணி விட்டா புல்லு மொத்தமும் கருகிடும்!"

ரூபாவதி எழுந்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்து, கம்பி வேலியின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார்.

"அந்த வேலியோட மறுபக்கத்தப் பிடிங்க, சார்."